வாய்க்கால் ஓரத்துத் தரைக்கு எபாக்சி

காங்கிரீட் தரைக்கு எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து அடித்ததும் கெட்டிப் படலமாக இறுகும் பெயிண்ட், அடிப்பது என்று பேச்செடுத்தால், எந்த நிறம், எந்தக் கம்பெனி, சதுர அடிக்கு என்ன விலை என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்துக்குள் பட்டறை வைத்திருப்பவர்கள் இவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தரைக்கு அடியில் என்ன மண் கிடக்கிறது, அந்த மண்ணில் எந்த மாதத்தில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் பெயிண்ட், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், அந்தத் தரையில் நிலைக்குமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

எங்கள் பட்டறை திருநெல்வேலியில் மேலப்பாளையத்துக்கு அப்பால், பாளையங்கால்வாய் என்ற பாசனக் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிணறுகளிலிருந்து கழற்றி வரும் விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதும், பம்புத் தண்டைக் கடைந்து பேரிங் மாற்றுவதும் தொழில். இந்த வேலைக்குத் தூசி பெரும் பகை. வெறும் சிமெண்டுத் தரையை எத்தனை முறை பெருக்கினாலும் அது தன் மேல்தோலையே பொடியாக உதிர்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பொடி கிரீஸ் வைத்த பேரிங்குக்குள் ஒரு முறை புகுந்துவிட்டால், புது பேரிங்கும் வெகு சீக்கிரத்தில் சத்தம் போடத் தொடங்கிவிடும். சிந்திய எண்ணெயைத் தரை குடித்துவிடும். பின்பு சோடா உப்பைக் கொட்டித் தேய்த்தாலும் கறை போகாது. ஆகவே தரையை மூட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. எந்தப் பகுதியை, எதைக் கொண்டு, எந்த மாதத்தில் மூடுவது என்பதற்குத்தான் நெடுநாள் யோசனை தேவைப்பட்டது.

இந்த மனை ஒரு காலத்தில் நன்செய் வயல். இங்கே சுற்றியுள்ள பட்டறைகளில் பலவும் அப்படித்தான்: வயலில் செம்மண் அடித்து மேடாக்கி, உடைகல் பரப்பி, அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் காங்கிரீட் போட்டிருப்பார்கள். காங்கிரீட்டுக்கு அடியில் 1000 கேஜ் பாலித்தீன் தாள் விரித்துவிட்டுப் போட்டால் மண்ணின் ஈரம் மேலே ஏறுவது பெருமளவு தடைபடும். ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய பட்டறைகளில் அப்படி விரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காங்கிரீட் பார்வைக்குக் கல்போல இருந்தாலும் அதற்குள் மயிரிழையைவிட நுண்ணிய துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவது போல அவை அடிமண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வெறுந்தரையாக இருக்கும்வரை அந்த ஈரம் ஆவியாகிக் காற்றோடு போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றுப் புகாத ஒரு படலத்தை மேலே போர்த்தியதும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது.

ஈரம் தனியாகவும் வருவதில்லை. சிமெண்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காங்கிரீட்டின் உள்ளே இருக்கும் நீரின் காரத்தன்மை பி.ஹெச். 12க்கும் 13க்கும் இடையில் இருக்கும். சாதாரண எனாமல் பெயிண்டைத் தரைக்கு அடித்தால் கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் பெயர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம்: பெயிண்டிலுள்ள எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகிவிடுகின்றன. எபாக்சி காரத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் அடியிலிருந்து நீரும் ஆவியும் தரும் அழுத்தத்தை அதனால் எல்லையில்லாமல் தாங்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், வைகாசியில், கால்வாய் வறண்டு கிடந்த சமயத்தில் தரையடித்தார்கள். கண்ணாடி போல வந்தது. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்து கால்வாய் நிறைந்து ஓடிய ஆடி மாதத்தில், சுவரோரமாக ரூபாய் நாணய அளவில் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் குத்திப் பார்த்தபோது உள்ளிருந்து வழவழப்பான நீர் வந்தது. அடித்துக் கொடுத்தவர்மீதும் பெயிண்ட்மீதும் பழி போட்டார்கள். அடித்த நாளில் தரை உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஈரச் சோதனை எளிது. ஒன்றரை அடி சதுரத்தில் கனமான, உள்ளே தெரியும் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு விளிம்பும் காற்றுப் புகாதபடி டேப்பால் தரையோடு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் இரண்டு இரவுகள் விடுவேன். தாளை எடுக்கும்போது அதன் அடியில் நீர்த்திவலைகள் நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றுத் தரையைவிடக் கறுத்திருந்தாலோ, அந்த இடம் ஈரத்தை ஏற்றுகிறது என்று பொருள். ஓரிடத்தில் ஒட்டிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சுவரோரம், நடுத்தரை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம், கால்வாய் இருக்கும் திசை எனப் பல இடங்களில் ஒட்ட வேண்டும். இந்தச் சோதனை ஈரம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். அளவு தெரிய வேண்டுமானால், கால்சியம் குளோரைடு உப்பை எடை போட்டு ஒரு மூடிக்கு அடியில் தரைமேல் வைத்து, சில நாள் கழித்து மறுபடி எடை பார்க்கும் முறை உண்டு. 1000 சதுர அடியிலிருந்து 24 மணி நேரத்தில் மூன்று பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1.36 கிலோவுக்கு மேல், ஈரம் வெளியேறினால் சாதாரண எபாக்சி அடிக்க வேண்டாம் என்பது தரைப்பூச்சுத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் வரம்பு.

எந்தச் சோதனையானாலும் அது செய்த நாளின் நிலையைத்தான் சொல்லும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஆகவே கால்வாயில் தண்ணீர் ஓடும்போது சோதிக்க வேண்டும். காருக்கு அடுத்த பருவமான பிசான நெல் நிற்கும் தை மாதத்தில், சுற்று வயல்களெல்லாம் நனைந்து கிடக்கும்போது ஒட்டிய தாள் காய்ந்து வந்தால், அந்தத் தரையை நம்பலாம். எங்கள் பட்டறையில் லேத் நிற்கும் கூடமும் காயில் கட்டும் அறையும் அந்தச் சோதனையில் தேறின. மேற்குப் பக்கத்தில், மோட்டார்களை இறக்கி வைக்கும் கொட்டகையில் ஒட்டிய தாள்கள் எல்லாமே வியர்த்திருந்தன. ஈரத்தைத் தடுப்பதற்கென்றே தனியாக வரும் எபாக்சி பிரைமர்கள், அதாவது அடியில் கொடுக்கும் முதல் பூச்சுகள், உண்டு. அவற்றைச் சொன்ன கனத்தில், துளிகூட விட்டுப்போகாமல் அடிக்க வேண்டும், விலையும் அதிகம். மோட்டார்களைத் தரதரவென்று இழுக்கும் ஓர் இடத்துக்கு அவ்வளவு செலவு தகாது என்று முடிவு செய்து, கொட்டகைக்குச் சிலிக்கேட் கரைசல் மட்டும் ஊற்றினோம். அது காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளுக்குள்ளேயே இறுகி மேல்தோலைக் கெட்டியாக்குகிறது; படலம் கட்டுவதில்லை, ஆவி வெளியேறுவதைத் தடுப்பதும் இல்லை. பளபளப்பு வராது, ஆனால் பொடி உதிர்வது வெகுவாகக் குறைந்துவிடும். வாய்க்கால் ஓரத்தில் பல பட்டறைகளுக்கு இதுவே போதுமானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகி, நெல்லையின் வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை, ஜங்ஷன் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. வெள்ளம் நின்ற தரை மேலே ஒரு வாரத்தில் வெளுத்துவிடும், உள்ளே வெளுக்காது. காங்கிரீட் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். அதுவும் அடிமண் காய்ந்திருந்தால்தான். புதிதாகப் போட்ட தரைக்கும் இந்தப் பொறுமை வேண்டும்: குறைந்தது 28 நாள் ஆன பிறகே பூச்சைப் பற்றி நினைக்க வேண்டும், அப்போதும் தாளை ஒட்டிப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும்.

வடக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் சிக்கல் வேறு விதமானது. கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே கிடக்கும் தரையும் அதற்கேற்ப அசைந்து விரிசல் விடும். ஆண்டுதோறும் திறந்து மூடும் விரிசலை எபாக்சிப் பட்டியால் அடைத்தால், பக்கத்திலேயே புது விரிசல் விழும். அசையும் விரிசலுக்கும், வேண்டுமென்றே விட்ட இணைப்புக் கோடுகளுக்கும் இழுபடும் பாலியூரித்தேன் பசைதான் ஏற்றது. அசையாத பழைய விரிசலை மட்டும் கிரைண்டரால் ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, தூசியை உறிஞ்சி எடுத்து, எபாக்சியில் நைஸான சிலிக்கா மணலைக் குழைத்து அடைக்க வேண்டும்.

ஈரத்துக்கு அடுத்தது மேல்தோல். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் தரையை வழவழவென்று முடிப்பதில் கைதேர்ந்தவர்கள். ஈரம் காயாத தரைமேல் வெறும் சிமெண்டைத் தூவி, கரணையால் அழுத்தித் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். நடந்து பழகுவதற்கு அது அழகான தரை. எபாக்சிக்கு அது ஆகாது. அந்த மெருகுத் தோல் கனமில்லாதது, கீழுள்ள காங்கிரீட்டைவிட வலுக்குறைந்தது, துளைகளை அடைத்துக்கொண்டு நிற்பது. எபாக்சி அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தத் தோலோ காங்கிரீட்டை இறுகப் பற்றியிருப்பதில்லை. பெயர்ந்து வந்த எபாக்சித் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் சாம்பல் நிறச் சிமெண்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். நல்ல தரைப்பூச்சை இழுத்துச் சோதிக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் விசையாவது தாங்க வேண்டும் என்று கேட்பார்கள். மேல்தோல் உதிரும் தரையில் அந்த எண்ணை எந்தப் பெயிண்டாலும் எட்ட முடியாது.

எங்கள் ஊர்களின் பழைய வீடுகளில் உள்ள சிவப்புத் தரைகளைக் காட்டி, அவை மட்டும் எப்படித் தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே ரெட் ஆக்சைடு நிறம் சிமெண்டோடு கலந்து தரையின் உடலாகவே ஆகிவிட்டது. மேலே ஒட்டிய படலம் என்று ஒன்றும் இல்லாததால், பெயர்ந்து வரவும் அங்கே ஒன்றும் இல்லை.

மெருகை எடுக்க டைமண்ட் கப் (வைரத்துகள் பதித்த தேய்ப்புச் சக்கரம்) பொருத்திய கிரைண்டரே சரியான கருவி. பெரிய கூடத்துக்குத் தரை கிரைண்டரை வாடகைக்கு எடுக்கலாம். தேய்த்து முடித்த தரை, தடவிப் பார்த்தால் நடுத்தர உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்க வேண்டும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் சட்டென்று உள்ளே இறங்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருப்பதால், கிரைண்டருக்கு உறையும் தூசி உறிஞ்சியும் பொருத்தாமல், தரமான முகக்கவசம் அணியாமல் யாரையும் அந்த வேலையில் இறக்கக் கூடாது. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பையன்கள் நாள் முழுவதும் தேய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் பிறகு வெளியேறுவதில்லை.

கிரைண்டருக்குப் பதிலாக ஆசிட் ஊற்றுவது மலிவான வழி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் என்று கலந்து, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்ற விதியையும் பின்பற்றி, தரை நுரைத்து அடங்கியதும் சோடா உப்பு நீரால் ஆற்றிக் கழுவினால் மெருகு ஓரளவு போகும் என்பது உண்மைதான். ஆனால் எதைத் தரையிலிருந்து வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதே தண்ணீரைக் குடம் குடமாகத் தரைக்கே ஊட்டுகிறோம். எண்ணெய் படிந்த இடத்தில் ஆசிட் வேலையே செய்யாது. கழுவிய நீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. கால்வாய் ஓரத்தில் அதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். நான் ஆசிட்டைத் தொடவில்லை.

எண்ணெய்க் கறைதான் பட்டறைத் தரையின் தனித் தொல்லை. லேத்துக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சொட்டிய எண்ணெய் அரை அங்குல ஆழத்துக்குக்கூட இறங்கியிருக்கும். தேய்ப்பதற்கு முன்பே கறை நீக்கும் திரவத்தால் கழுவ வேண்டும். முதலில் தேய்த்துவிட்டால், திறந்த துளைகளுக்குள் எண்ணெயை நாமே பரப்பிவிட்டவர்களாவோம். கழுவி, உலரவிட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்து, முத்து நின்றால் மறுபடி கழுவ வேண்டும். எத்தனை கழுவியும் முத்து நிற்கும் இடத்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டு எபாக்சிக் கலவையால் நிரப்புவதே நல்லது. சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்து, அடியில் கூடு விழுந்தது போல வெற்றொலி எழும் இடங்களையும் அப்போதே கொத்திவிட வேண்டும்.

இனி மாதம். கடைக்காரர்களும் டப்பாவிலுள்ள குறிப்பும் எந்நாளும் அடிக்கலாம் என்பது போலச் சொன்னாலும், நெல்லைச் சீமையில் அப்படி முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அனல் நாற்பது டிகிரியை எட்டும்போது, கலந்த எபாக்சி வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடும். பத்து டிகிரி சூடு கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இதன் வேதியியல். ஆனியும் ஆடியும் காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் புகுந்து காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, எவ்வளவு அடைத்தாலும் கதவிடுக்கு வழியே புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டின்மேல் தூவும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்கழி, தையில் பனி. தரையின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரியிலும் ஈரப்பதம் 70 சதவீதத்திலும் இருந்தால் பனிநிலை 24 டிகிரியை ஒட்டியிருக்கும், தரை 27 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சுவது மாசிப் பின்பாதியும் பங்குனியும். தையில் சோதித்து, மாசியில் தேய்த்து, பங்குனிக்குள் அடித்து முடிப்பதே எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் முறை.

நாளுக்குள்ளும் வேளை பார்க்க வேண்டும். காலையில் தரை சூடேறிக்கொண்டிருக்கும். துளைகளில் உள்ள காற்று விரிந்து குமிழிகளாகப் பெயிண்டின் வழியே வெளியேறி ஊசித் துளைகளை விட்டுச் செல்லும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தரை ஆறத் தொடங்கும்போது அடித்தால், துளைகளிலுள்ள காற்று சுருங்கிப் பிரைமரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு அடித்துக் கொடுத்த பெயிண்டரிடம் இதைச் சொன்னபோது, “காலைலயே ஆரம்பிச்சா இருட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்லா அண்ணாச்சி” என்று தயங்கினார். ஒரு சிறு சதுரத்தைக் காலையிலும் இன்னொன்றைச் சாயங்காலத்திலும் அடித்துப் பார்த்த பிறகு அவரே சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கலப்பதில் கண்ணளவு செல்லாது. எபாக்சியின் இரண்டு திரவங்களான ரெசினும் (பிசின்) ஹார்டனரும் (அதை இறுக்குவது) ஒன்றோடொன்று பிணைந்து இறுகுபவை. இன்னதுக்கு இவ்வளவு என்று கம்பெனி சொன்ன விகிதத்தில் மாற்றமே கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றும் பழக்கம் எனாமலில் டர்பன்டைன் சேர்த்துப் பழகிய கைகளுக்கு வருகிறது. கூடுதலாகப் போன ஹார்டனர் பிணைய ஆளின்றித் தரையில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். மெதுவாகச் சுழலும் டிரில்லில் கலக்குக்கம்பி மாட்டி மூன்று நிமிடம் கலக்கி, வாளியின் பக்கங்களை வழித்து, வேறொரு வாளிக்கு மாற்றி மறுபடியும் கலக்க வேண்டும். கலந்ததும் தரையில் நீளமாக ஊற்றிவிட்டுப் பரப்ப வேண்டும். வாளியிலேயே திரண்டு நிற்கவிட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி, பிறகு வாசனை பட்டாலே தடிக்கும் நிலை வரலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம். கையைத் தின்னரால் கழுவவே கூடாது.

அளவு பற்றி ஒரு கணக்கு. கரைப்பான் கலக்காத எபாக்சி ஒரு லிட்டர், 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கனத்தில் ஐந்து சதுர மீட்டரை மூடும். 600 சதுர அடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். அதற்குப் பதினோரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், பிரைமர் தனி. கரைப்பான் பாதி கலந்த பெயிண்டானால் காய்ந்த பிறகு பாதிக் கனமே மிஞ்சும். மலிவாகச் சொல்லப்படும் சதுர அடி விலைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், எத்தனை லிட்டர் வரப்போகிறது என்பது விளங்கிவிடும்.

பிரைமருக்கு மறுநாள் முதல் கோட்டிங், அதற்கு மறுநாள் இரண்டாவது என்று இடைவெளி நீளாமல் அடிக்க வேண்டும். டப்பாவில் சொன்ன நேரத்தைக் கடந்துவிட்டால் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்க்காமல் அடுத்ததை அடிக்கக் கூடாது. ஈரக் காற்று பட்ட இரவுக்குப் பின் தரைமேல் மெழுகு போல ஒரு வழவழப்புப் படிந்திருந்தால், அதை வெதுவெதுப்பான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தின்னரால் துடைத்தால் பரவுமே தவிரப் போகாது. நடக்குமிடத்தில், ஈரமாக இருக்கும்போதே சிலிக்கா மணலைத் தூவி, அதன்மேல் கடைசிக் கோட்டிங் கொடுத்தோம். எண்ணெய் சிந்தும் பட்டறையில் வழுக்காத தரை பளபளப்பைவிட முக்கியம். நிறம் வெளிர்சாம்பல் எடுத்தோம். கீழே விழுந்த சர்க்கிளிப்பும் ஸ்க்ரூவும் உடனே கண்ணில் படும். வெயில் விழும் வாசலோரம் எபாக்சி மஞ்சளித்துப் பொடியும் என்பதால் அங்கு மட்டும் மேலே பாலியூரித்தேன் பூச்சு. வெல்டிங் வைக்கும் மூலையை அடிக்கவே இல்லை. பொறி விழுந்தால் கருகும், அங்கே இரும்புத் தகடு விரித்திருக்கிறோம்.

மறுநாள் நடக்கலாம் என்றாலும், லேத்தைத் திரும்ப ஏற்றுவதற்கு முழுதாக ஏழு நாள் விட்டோம். டீசல், வார்னிஷ் போன்றவற்றைத் தாங்கும் வலு அதற்குப் பின்புதான் வருகிறது. கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்தபின் ஒரு முறையும், கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் சுவரோரங்களை முழந்தாளிட்டுப் பார்க்கிறேன். எங்காவது கொப்புளமோ பெயர்வோ தெரிந்தால் அதன்மேல் அப்படியே அடிப்பதில் பயனில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் இடம்வரை சதுரமாக வெட்டி எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் சரித்து, தாளை ஒட்டி ஈரம் பார்த்து, காய்ந்திருந்தால் பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். காயவில்லையென்றால் பங்குனி வரும்வரை அந்தச் சதுரம் வெறுந்தரையாகவே கிடக்கட்டும்.